எண்ணூர்த் தண்ணீருக்கு எந்த மெஷின்? நைட்ரேட், பாஸ்பேட் அளக்கச் சில வழிகள்

"மேடம், கிராண்ட் வந்திருச்சு. மார்ச்சுக்குள்ள செலவு பண்ணியாகணும். ஆட்டோ அனலைசர் வாங்கலாமா, இல்ல அந்த ரோபோ கை வச்சதா?" என்று தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் போன மாதம் கேட்டார். அவருக்கு முன்னால் மணலியில் தனியார் ஆய்வகம் நடத்துகிற ஒருவர் கேட்டார். அதற்கும் முன்னால் எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து, "எங்க முகத்துவாரத் தண்ணிய நாங்களே டெஸ்ட் பண்ண முடியுமாக்கா?" என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் முதல் இருவரும் கொட்டேஷனில் முதலில் தேடியது ஒரே வரியைத்தான்: மணிக்கு எத்தனை சாம்பிள் ஓடும்?

அந்த வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வடசென்னையில் மெஷினைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர். அதற்கு அடுத்தபடியாக, அந்த மெஷின் பக்கத்தில் தினமும் உட்காரப்போகிற ஆள். வேகம் அதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

## எந்த மெஷினிலும் வேதியியல் ஒன்றுதான்

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நைட்ரைட்டுக்கு சல்பானிலமைடு, என்.இ.டி. என்ற இரண்டு ரசாயனங்களும் சேர்ந்து தரும் ரோஜா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கிறோம். நைட்ரேட்டை நேராகப் பார்ப்பதில்லை. செம்பு ஏற்றிய கேட்மியத்தின் வழியாக ஓடவிட்டு நைட்ரைட்டாக மாற்றி, அதே ரோஜா நிறத்தைத்தான் பார்க்கிறோம். பாஸ்பேட்டுக்கு மாலிப்டினம் நீலம், 880 நானோமீட்டர். மர்ஃபியும் ரைலியும் 1962-இல் வெளியிட்ட செய்முறை இன்றும் நிற்கிறது. சிலிக்கேட்டுக்கும் மாலிப்டேட்தான், நடுவில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்து பாஸ்பேட்டின் குறுக்கீட்டை நீக்குகிறோம். அம்மோனியத்துக்கு பீனால் அல்லது சாலிசிலேட்டுடன் ஹைப்போகுளோரைட் சேர்த்தால் நீலமோ பச்சை கலந்த நீலமோ வரும்.

கையால் செய்தாலும் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மெஷினில் செய்தாலும் உள்ளே நடப்பது இதுதான். கலப்பது யார், காத்திருப்பது யார் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே வேதியியலில் உள்ள ஓட்டை எல்லா மெஷினிலும் இருக்கும். உதாரணத்துக்கு, ஆர்சனேட்டும் பாஸ்பேட் போலவே மாலிப்டேட்டோடு சேர்ந்து நீலம் காட்டும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் இருப்பதுண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களை ஒட்டி எடுத்த தண்ணீரில் பாஸ்பேட் கூடுதலாக வந்தால், தயோசல்பேட் சேர்த்து ஆர்சனேட்டை நிறம் தராத வடிவத்துக்கு மாற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தபிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

## எதை வைத்து எடைபோடுவது

உப்பு எவ்வளவு மாறுகிறது? கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் எண்ணூரில் ஒன்றாகச் சேர்கின்றன. அதே இடத்தில், அதே நாளில், கடல் ஏற்றத்தில் எடுத்த பாட்டிலும் வற்றத்தில் எடுத்த பாட்டிலும் வேறு வேறு தண்ணீர். அடைமழைக் காலத்தில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் ஏறக்குறைய கடல். உப்பு மாறினால் நிறம் உருவாகும் வேகமும் ஒளி வளையும் விதமும் மாறும். புழல் ஏரித் தண்ணீரை மட்டும் அளப்பவருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

எந்த அளவுக்குக் கீழே பார்க்க வேண்டும்? காசிமேட்டிலிருந்து படகில் கொஞ்சம் உள்ளே போனால் பாஸ்பேட் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே இருக்கலாம். கால்வாய்த் தண்ணீரில் அம்மோனியம் நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் வரும். இரண்டையும் மெஷினின் ஒரே சாம்பிள் தட்டில் அடுக்குகிறீர்களா?

ஒரே நாளில் எத்தனை? 8 இடம், ஏற்றம் வற்றம் இரண்டு, மேல்நீர் அடிநீர் இரண்டு: 32 பாட்டில். ஐந்து சத்து (நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், அம்மோனியம்) என்றால் 160 அளவுகள். ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த கரைசல்), பிளாங்க் (ஒப்பிடுவதற்கான வெற்றுச் சோதனை), இரட்டைச் சோதனை தனி. மாதம் ஒருமுறை இப்படி வருகிறதா, தினம் ஐந்தாறு பாட்டிலாக வருகிறதா? ஆண்டுக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டுக்கும் ஏற்ற மெஷின் வேறு.

எவ்வளவு காத்திருக்கலாம்? அம்மோனியத்துக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கே பார்க்க வேண்டும், இல்லையேல் உடனே வடிகட்டி உறையவைக்க வேண்டும். சிலிக்கேட்டை உறையவைத்தால் அது தன்னோடு தானே கோத்துக்கொள்ளும், உப்புக் குறைந்த தண்ணீரில் இன்னும் அதிகமாக. உருகவைத்து ஒரு ராத்திரியாவது விடாமல் அளந்தால் எண் குறைந்து வரும்.

யார் உட்காரப் போகிறார்? மூன்று வருடத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார் என்றால், அதையும் விலையில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

முடிவு எங்கே போகிறது? வகுப்பறைக்கா, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் வாரியம்) தணிக்கைக்கா, பசுமைத் தீர்ப்பாயத்துக்கா? சாம்பிளைக் குழாயில் ஓடவிட்டு அளக்கும் ஓட்ட முறைகளுக்கு உலகத் தர ஆவணங்கள் இருக்கின்றன: நைட்ரேட், நைட்ரைட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 13395, அம்மோனியத்துக்கு 11732, பாஸ்பேட்டுக்கு 15681. வழக்குக்குப் போகும் எண்ணுக்கு இந்தப் பின்புலம் உதவும்.

இதோடு சேர்த்து அலகையும் இப்போதே தீர்மானியுங்கள். குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டாகச் சொன்னது. அதையே நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 10 மில்லிகிராம், மைக்ரோமோலில் சுமார் 726. இரண்டு ஆய்வகங்களின் எண் நாலரை மடங்கு வேறுபட்டு, கடைசியில் இரண்டுமே சரி என்று தெரியவந்த பஞ்சாயத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

## வழி 1: கையால், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில்

நாமே கலந்து, வந்த நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் கருவியில் படிப்பது. இதை யாரும் "ஆப்ஷன்" என்றே எண்ணுவதில்லை. எனக்கோ எப்போதும் முதல் ஆப்ஷன் இதுதான். உப்பு மாறினால் அந்த பாட்டிலுக்குத் தனி பிளாங்க் வைக்கலாம். கலங்கலாக இருந்தால் கண் முன்னே தெரியும். பாஸ்பேட் குறைவாக இருந்தால் 5 அல்லது 10 செ.மீ. குவெட் (ஒளி கடக்கும் சின்னக் கிண்ணம்) போட்டுக்கொள்ளலாம். கரண்ட் போனால் சோதனைக்குழாய்கள் ஸ்டாண்டில் நிற்கும், அவ்வளவுதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு மனித நேரம். அம்மோனியத்துக்கான இண்டோபீனால் நீலம் முழுதாக வர மணிக்கணக்கில் இருட்டில் வைக்க வேண்டும். என் அனுபவத்தில் ஓர் ஆள் ஒரு நாளில் இரண்டு சத்துகளை 20, 25 பாட்டிலுக்கு ஒழுங்காக முடித்தால் நல்ல நாள். மேலே சொன்ன 32 பாட்டிலும் ஐந்து சத்தும் என்றால் வாரம் போய்விடும், அதற்குள் அம்மோனியம் பழைய அம்மோனியமாக இருக்காது. காலையில் பிப்பெட் பிடித்த கைக்கும் மாலை ஐந்து மணிக் கைக்கும் உள்ள வித்தியாசமும் எண்ணில் தெரியும்.

எப்போது இது நல்லது: வாரத்துக்கு இருபது பாட்டிலுக்குள், மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இடம், திடீர்ச் சம்பவம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அப்படி ஒரு ராத்திரியில் பெரிய மெஷினைத் தூக்கம் கலைத்து எழுப்பி, பேஸ்லைன் (சாம்பிள் இல்லாதபோது வரும் அடிக்கோடு) நிற்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ரீஏஜென்ட் (வினைக்கான ரசாயனக் கரைசல்) தயாராக இருந்தால் கைமுறையில் விடிவதற்குள் ஓர் எண் கிடைக்கும்.

## வழி 2: குமிழிட்ட தொடர் ஓட்டம்

ஆட்டோ அனலைசர் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். லியோனார்டு ஸ்கெக்ஸ் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக்காக உருவாக்கி 1957-இல் வெளியிட்டது. பெரிஸ்டால்டிக் பம்ப் ஒன்று சாம்பிளையும் ரீஏஜென்டையும் சேர்த்து உறிஞ்சிக் கண்ணாடிச் சுருளுக்குள் தள்ளும். நடுநடுவே காற்றுக் குமிழ் ஒன்று நுழையும். அந்தக் குமிழ்தான் இதன் உயிர். முன்னே போகும் தண்ணீரும் பின்னே வரும் தண்ணீரும் கலந்துவிடாமல் தடுக்கும், குழாய்ச் சுவரைத் துடைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வினை ஏறக்குறைய முழுமையாக முடிய நேரம் கிடைப்பதால் வரைபடத்தில் கூர்மையான முனை வராமல் தட்டையான மேடு வரும். நாம் அந்த மேட்டின் உயரத்தைப் படிக்கிறோம்.

நான் புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரம் கணினித் திரையைப் பார்க்க விடுவதில்லை. சுருளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குமிழைப் பார் என்பேன். எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், இரண்டு முனையும் உருண்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வால் பிய்ந்து, சின்னக் குமிழ் ஒன்றை உதறிவிட்டுப் போனால் சோப்புத் தன்மை தரும் கரைசல் குறைந்திருக்கிறது, அல்லது சுருளில் அழுக்கு படிந்திருக்கிறது. அம்மோனியச் சுருளில் வெள்ளையாகப் படிந்தால் சிட்ரேட் போதவில்லை, அது பிடித்துவைக்க வேண்டிய கடல்நீர் மக்னீசியம் காரத்தில் வீழ்ந்துகொண்டிருக்கிறது. திரையில் கோடு ஆடுவதற்கு முன்பே கண்ணாடியில் இதெல்லாம் தெரிந்துவிடும்.

கடல் நீருக்கும் கழிமுக நீருக்கும் இதைவிடத் துல்லியமான வழியை நான் பார்த்ததில்லை. பாஸ்பேட் 0.05 மைக்ரோமோல் வரை, கவனமாக இருந்தால் அதற்கும் கீழே இறங்கும். நாலைந்து சத்துகளை ஒரே சமயத்தில், மணிக்கு 30 முதல் 60 பாட்டில் வரை ஓட்டலாம். உப்பினால் வரும் ஒளிப்பிழையைக் கண்டுபிடிக்க நிறம் தரும் ரீஏஜென்டை மட்டும் விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டி, வந்ததைக் கழித்துவிடலாம். எண்ணூர் மாதிரி இடத்துக்கு ஸ்டாண்டர்டுகளைக் குறைந்தது மூன்று உப்பு அளவுகளில் தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கொட்டேஷனில் எழுதாத செலவுகள். காலையில் விளக்கு சூடேறி, பேஸ்லைன் நேராக நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாலையில் கழுவ அரை மணி. நான்கு பாட்டிலுக்காக இதை ஏற்றி இறக்க மனசு வராது. பம்ப் டியூப்கள் தேயும் பொருள். சுமார் 200 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செட்டாக மாற்ற வேண்டும், விட்டால் உறிஞ்சும் அளவு மெல்ல மாறும். கழிவைப் பாருங்கள்: ஒரு சேனல் (ஒரு சத்துக்கான குழாய் வரிசை) நிமிடத்துக்கு 3 மில்லி என்றால், நான்கு சேனல் ஆறு மணி நேரம் ஓடினால் 4 லிட்டரைத் தாண்டும். அதில் கேட்மியம் உண்டு, பீனால் முறை என்றால் பீனாலும் உண்டு. அதைச் சிங்க்கில் ஊற்றினால் எந்தக் கால்வாயை அளக்கப் போனோமோ அதே கால்வாய்க்குத்தான் போகும். கேன் வாங்கி, லேபிள் ஒட்டி, அபாயக் கழிவாக அனுப்பும் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் கட்டாயம். பம்ப் இரண்டு நிமிடம் நின்றால் குமிழ் வரிசை குலைந்துவிடும், அந்த ஓட்டத்தை ஸ்டாண்டர்டிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மே மாதம், கால்வாய்ப் பக்கம் வற்றத்தில் எடுத்த நான்கு பாட்டில்கள். மூடியைத் திறந்தபோதே அழுகிய முட்டை நாற்றம். வடிகட்டினோம், தண்ணீர் தெளிந்தது, தட்டில் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு வந்த அத்தனை நைட்ரேட் எண்ணும் சரிந்தது. காலையில் 97 சதவீதம் மாற்றிக்கொண்டிருந்த கேட்மியம், மதியம் சோதித்தபோது 80-ஐக்கூடத் தொடவில்லை. தண்ணீரில் இருந்த சல்பைடு செம்புப் பூச்சைக் கருக்கிவிட்டது. அன்றைக்கு எடுத்த பாதி வேலை வீண். அதிலிருந்து நாற்றம் வரும் பாட்டிலைத் துத்தநாக உப்பு போட்டு, சல்பைடை வீழ்த்தி வடிகட்டாமல் தட்டில் ஏற்றுவதில்லை. பத்துப் பாட்டிலுக்கு ஒருமுறை, ஒரே செறிவுள்ள நைட்ரைட், நைட்ரேட் ஸ்டாண்டர்டுகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். தட்டில் அடுக்கும்போதும் கடல் முதலில், கால்வாய் கடைசியில்.

எப்போது இது நல்லது: கடல், கழிமுகம், பழவேற்காடு ஏரி போன்ற இடங்களில் மாதாந்திரக் கண்காணிப்பு, ஒரே தடவையில் 30 பாட்டிலுக்கு மேல், குறைந்தது மூன்று வருடம் இருக்கப்போகிற ஓர் ஆள்.

## வழி 3: ஓட்டத்தில் ஊசி

1975-இல் டென்மார்க்கில் ரூசிச்காவும் ஹான்சனும் குமிழையே எடுத்துவிட்டார்கள். அரை மில்லிமீட்டர் அகலக் குழாயில் ஒரு திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் சில பத்து அல்லது நூறு மைக்ரோலிட்டர் சாம்பிளைச் செலுத்துவார்கள். வினை முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சாம்பிளும் அச்சுப் பிசகாமல் அதே நேரத்தில் அதே இடத்தைக் கடக்கும் என்ற நம்பிக்கையில், பாதி வழியிலேயே முனையைப் படிக்கிறார்கள். அதனால்தான் வேகம். மணிக்கு 60, 100 என்று கொட்டேஷன் சொல்வது பொய்யல்ல. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடும், ரீஏஜென்டும் குறைவு.

ஆனால் குமிழ் இல்லாததால் சாம்பிளின் இரு ஓரமும் ஓடும் திரவத்தோடு கலந்தபடி வரும். உப்புத் தண்ணீரும் நன்னீரும் உரசும் அந்த ஓரத்தில் ஒளி வளைந்து, வெயிலில் தார்ச்சாலை மேல் தெரியும் கானல்போல், இல்லாத முனையைக் காட்டும். சாம்பிளின் உப்பும் ஓடும் திரவத்தின் உப்பும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. எண்ணூரில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் உப்பு. இங்கே நான் இதை வாங்க மாட்டேன்.

எப்போது இது நல்லது: கொடுங்கையூர் போன்ற சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும், தொழிற்சாலைக் கழிவுநீர், குடிநீர். ஒன்றிரண்டு சத்து, ஒரே மாதிரித் தண்ணீர், நாள் முழுக்க வரிசை. அங்கே இதுவே சரி.

## வழி 4: தனித்தனிக் கிண்ணம்

பேராசிரியர் சொன்ன "ரோபோ கை" இது. ஊசிக்கை ஒன்று சாம்பிளையும் ரீஏஜென்டையும் மைக்ரோலிட்டர் கணக்கில் எடுத்து, சின்னக் குவெட்டுக்குள் விட்டு, சூடாக்கி, நேரம் வந்ததும் படிக்கும். உள்ளே ஓட்டம் எதுவும் கிடையாது. ஒரு பாட்டிலுக்கு நைட்ரேட், அடுத்ததற்கு பாஸ்பேட் மட்டும், மூன்றாவதற்கு எல்லாமும் என்று கேட்கலாம். அளவு மீறினால் தானே நீர்த்து மறுபடி பார்க்கும். புது ஆளுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். கழிவு மிகக் குறைவு. நைட்ரேட்டுக்கு நொதி, ஹைட்ரசின், வனேடியம் போன்ற வழிகள் இருப்பதால் கேட்மியம் இல்லாமலே முடியும்.

பலவீனம், ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். உள்கடல் பாஸ்பேட் மாதிரி மிகக் குறைந்த எண்ணில் இது திணறும். குவெட்டும் ரீஏஜென்ட் பொட்டலமும் பெரும்பாலும் அதே நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். ஐந்து வருடத்துக்கான குவெட் செலவைக் கேட்டு வாங்கி, மெஷின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போது விலை குறைந்தது எது என்பது மாறக்கூடும்.

எப்போது இது நல்லது: மணலிக்காரரைப் போல, தினம் பத்து வாடிக்கையாளர், பத்து விதத் தண்ணீர், ஆளுக்கு ஒரு கேள்வி என்று இருப்பவருக்கு.

## ஒரே பார்வையில்

| | கைமுறை | குமிழிட்ட ஓட்டம் | ஊசி ஓட்டம் | தனிக் கிண்ணம் |
|---|---|---|---|---|
| மாறும் உப்பு | சமாளிக்கும் | நன்றாகச் சமாளிக்கும் | சிரமம் | ஓரளவு |
| மிகக் குறைந்த செறிவு | நீளக் குவெட்டில் முடியும் | மிக நன்று | சுமார் | சுமார் |
| தயாராகும் நேரம் | உடனே | 1 மணிக்கு மேல் | 10–15 நிமிடம் | குறைவு |
| ஒரே நாளில் 30+ பாட்டில், 5 சத்து | முடியாது | எளிது | சேனல் பல வேண்டும் | முடியும், மெதுவாக |
| கழிவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| கற்றுக்கொள்ள | வாரங்கள் | மாதங்கள் | வாரங்கள் | நாட்கள் |

மெஷினே வாங்காமல் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதும் ஒரு வழிதான். மாதம் பத்துப் பாட்டில் என்றால் அதுதான் சிக்கனம். ஆனால் உறைநிலை கெடாமல் கொண்டுபோகும் பொறுப்பு உங்களுடையது, அம்மோனிய எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

## அந்த மூவருக்கும்

பேராசிரியரிடம் நான் கேட்டது, "கிராண்ட் முடிஞ்சப்புறம் மெஷினோட வருஷாந்திர மெயின்டெனன்ஸ் (ஏ.எம்.சி.) யார் கட்டுவாங்க சார்?" என்று. பதில் இல்லை. நல்ல ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், 5 செ.மீ. குவெட்டுகள், உறைபெட்டி, சுத்த நீர்க் கருவி, இவற்றை வாங்கச் சொன்னேன். கழிவறைக்கு அடுத்த அறையை ஆய்வகமாக்க வேண்டாம் என்றும் சொன்னேன். காற்றில் வரும் அம்மோனியாவே பிளாங்க்கை உயர்த்திவிடும். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவருடைய மாணவர்கள் நிறம் வருவதைக் கண்ணால் பார்த்துக் கற்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மணலிக்காரருக்குத் தனிக் கிண்ணம். கழிமுக வேலை வந்தால் அதை மட்டும் வெளியே அனுப்பச் சொன்னேன்.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு மெஷின் வேண்டாம். நேரமும் இடமும் அவர்கள் கையில் இருக்கிறது, வேறு எந்த ஆய்வகத்துக்கும் அது கிடையாது. தண்ணீர் நிறம் மாறுகிற மணி நேரத்தில் அங்கே நிற்பவர்கள் அவர்கள்தான். அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாட்டில், ஊசிக்குழாயில் மாட்டும் வடிகட்டி, ஐஸ் பெட்டி, உப்பு பார்க்கும் சின்னக் கருவி, ஒரு நோட்டு. பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி எடுக்கவும், கண்ணாடி பாட்டிலைத் தொடவே கூடாது, அதிலிருந்து சிலிக்கா கரையும் என்றும் காட்டிக் கொடுத்தேன். அளப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் ஸ்டாண்டர்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பாட்டில் மூன்றை எடுத்துப் போங்கள்: காசிமேட்டுக்கு வெளியே கடல், வற்றத்தில் முகத்துவாரம், சல்பைடு நீக்கி வடிகட்டிய கால்வாய்த் தண்ணீர். இதே வரிசையில் ஓட்டச் சொல்லி, நான்காவதாக அந்தக் கடல் தண்ணீரையே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். முதலில் வந்த எண்ணே திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.